வேகம் இருக்கிறது, திசை இல்லை: சி.ஓ.பி.டி. நோயில் வெள்ளணுக்களும் கிருமித்தொற்றும் – ஒரு நிகழ்வு ஆய்வு

"அப்பா ரத்தத்துல வெள்ளணு இவ்வளவு ஏறியிருக்கே டாக்டர். கிருமியைக் கொல்றதுதானே அதோட வேலை? அப்புறம் ஏன் மறுபடி மறுபடி தொற்று வருது?"

நோயாளியின் மகள் வார்டில் என்னிடம் கேட்ட கேள்வி இது. கையில் ரத்தப் பரிசோதனைத் தாள். வெள்ளணு எண்ணிக்கை 15,800 என்ற இடத்தில் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். இயல்பாக 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டியது. அந்த நேரத்தில் இரண்டே வரியில் ஒரு பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். அவர் கேட்டதில் இருந்த நியாயம் அந்தப் பதிலில் இல்லை. இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் நோயாளி தனி ஒருவர் இல்லை. யாருடைய அடையாளமும் தெரியக்கூடாது என்பதற்காகப் பலரிடம் பார்த்ததை ஒருவர் மேல் ஏற்றி எழுதியிருக்கிறேன். எண்கள் இந்த நோயில் அன்றாடம் பார்க்கக்கூடியவை.

வந்த நிலை

வயது 66. முப்பது ஆண்டுகள் லேத் பட்டறையில் வேலை. நாளைக்கு 20 சிகரெட் வீதம் 35 ஆண்டுகள் புகைத்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே நாளில் நிறுத்தினார், அதன்பின் தொடவில்லை. நாள்பட்ட மூச்சடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி. என்று தெரிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உடம்பு நிலையாக இருந்தபோது எடுத்த ஸ்பைரோமெட்ரியில் (மூச்சுத்திறனை அளக்கும் பரிசோதனை), முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்று இருக்க வேண்டிய அளவில் 42 சதவீதம். அதற்கும் அவர் மொத்தமாக ஊதும் காற்றுக்கும் உள்ள விகிதம் 0.48. எடை 50 கிலோ, பி.எம்.ஐ. 18.6. மூன்று மருந்துகள் சேர்ந்த இன்ஹேலர் எடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்று ஃப்ளூடிகசோன் என்ற ஸ்டீராய்டு.

நோய் திடீரென முற்றி வருவது 14 மாதங்களில் இது மூன்றாவது தடவை. முதல் தடவை வெளிநோயாளியாகவே சரியாகிவிட்டது. இரண்டாவது தடவை எக்ஸ்ரேயில் வலது கீழ்ப்பகுதியில் நிமோனியா தெரிந்தது. அப்போது சளியைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்பாமல் ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிட்டேன். அது என் பிழை. அன்று எந்தக் கிருமி இருந்தது என்று தெரிந்திருந்தால் மூன்றாவது தடவை நாங்கள் இருட்டில் தேடியிருக்க வேண்டியதில்லை.

இந்த முறை நான்கு நாட்களாக இளைப்பு கூடியிருந்தது. குளியலறை வரை நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். காய்ச்சல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, வெப்பநிலை 37.6 டிகிரி. மூச்சு நிமிடத்துக்கு 28, நாடி 112, வெளிக்காற்றில் ஆக்சிஜன் அளவு 84 சதவீதம். மார்பு முழுக்க விசில் சத்தம். வலது பின்புறம் கீழே, ஈரத் துணியைப் பிழிவது போன்ற சத்தம் கொஞ்சம்.

சளிக் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இதை ஒவ்வொரு நோயாளிக்கும் செய்ய வேண்டும் என்று எங்கள் வார்டில் சேரும் புது டாக்டர்களிடம் விடாமல் சொல்லி வருகிறேன். அடியில் கெட்டியான பச்சை, அதன் மேல் நுரை. சாய்த்தால் கோப்பையின் சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கியது. ஒரு வாரத்துக்கு முன்புவரை வெள்ளையாக, காலையில் ஒரு தேக்கரண்டி அளவுக்கு வந்துகொண்டிருந்தது என்றார். இப்போது நாள் முழுக்க வருகிறது.

அந்தப் பச்சை கிருமியின் நிறம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது வெள்ளணுவின் நிறம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் துகள்களில் மைலோபெராக்சிடேஸ் என்று ஒரு நொதி உண்டு. அதில் இரும்பு சேர்ந்திருப்பதால் பச்சையாக இருக்கும். சளி எவ்வளவு பச்சையோ அவ்வளவு வெள்ளணுக்கள் அங்கே வந்து தங்கள் சரக்கைக் கொட்டியிருக்கின்றன என்று அர்த்தம். இங்கிலாந்தில் ஸ்டாக்லி குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. சி.ஓ.பி.டி. முற்றி, அதாவது திடீரென மோசமாகி வந்தவர்களில் சளி சீழ் நிறமாக இருந்தவர்களில் 84 சதவீதம் பேருக்குக் கல்ச்சரில் கிருமி வளர்ந்தது. வெள்ளைச் சளியோடு வந்தவர்களில் 38 சதவீதம் பேருக்குத்தான் வளர்ந்தது. செலவே இல்லாத ஒரு பரிசோதனை இவ்வளவு சொல்கிறது.

பரிசோதனைகள்

ரத்தவாயுப் பரிசோதனையில் பி.எச். 7.31, கார்பன் டை ஆக்சைடு 58, பைகார்பனேட் 28; கார்பன் டை ஆக்சைடு தேங்கி ரத்தம் அமிலப் பக்கம் சாய்ந்திருந்தது. மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரல் உப்பி, உதரவிதானம் தட்டையாகிக் கிடந்தது; புதிய நிமோனியா இல்லை. அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சி.ஆர்.பி. 74. வெள்ளணு 15,800, அதில் நியூட்ரோஃபில் 86 சதவீதம். இன்னொரு வகை வெள்ளணுவான இயோசினோஃபில் 80 மட்டுமே. பழைய தாள்களைப் புரட்டினேன். நிலையாக இருந்த நாட்களிலும் இயோசினோஃபில் 100-ஐத் தாண்டியதில்லை. இந்தச் சின்ன எண் பின்னால் முக்கியமாகிறது.

கண்ணாடித் துண்டில் தடவிய ரத்தப் பூச்சையும் சளிப் பூச்சையும் ஆய்வகத்துக்குப் போய் நுண்ணோக்கியில் நானே பார்த்தேன். ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் வரிசையாக நின்றன. உட்கரு மூன்று நான்கு துண்டாகப் பிரிந்த முதிர்ந்தவை ஒருபுறம், வளைந்த பட்டை போன்ற உட்கருவோடு அவசரமாக எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பிவந்த இளசுகள் இன்னொருபுறம். சிலவற்றில் கருத்த தடித்த துகள்கள்.

சளிப் பூச்சுதான் என்னை நிறுத்தியது. புலம் முழுக்க வெள்ளணுக்கள். வாய்ப்படல அணுக்கள் அபூர்வம். ஆக, இது எச்சில் இல்லை, நெஞ்சிலிருந்து வந்த நல்ல மாதிரிதான். இடையிடையே இளஞ்சிவப்பில் மிகச் சிறிய குச்சிப் புள்ளிகள். சில வெள்ளணுக்களுக்குள் இரண்டு மூன்று கிருமிகள் இருந்தன. பெரும்பாலானவை வெளியே கிடந்தன. ஒரு வெள்ளணு உடைந்து நூல் நூலாகச் சிதறியிருக்க, அந்தக் குப்பைக்கு நடுவிலேயே கிருமிகள் கூட்டமாக இருந்தன. கொல்ல வந்தவை குவிந்து கிடக்கின்றன, கிருமி பக்கத்திலேயே பிழைத்திருக்கிறது. மகளின் கேள்வி அப்படியே அந்தக் கண்ணாடித் துண்டில் இருந்தது.

கல்ச்சரில் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா என்ற பாக்டீரியா வளர்ந்தது. மருந்தைச் சிதைக்கும் பீட்டா லாக்டமேஸ் நொதியைச் சுரக்கும் வகை என்பதால் ஆம்பிசிலின் எடுபடாது. அமாக்சிசிலினோடு கிளாவுலனேட் சேர்ந்தால் எடுபடும்.

சிகிச்சையும் மூன்றாம் நாள் குழப்பமும்

ஆக்சிஜனை அளவோடு கொடுத்தோம், இலக்கு 88 முதல் 92 சதவீதம். இவரைப் போன்றவர்களுக்கு அள்ளிக் கொடுப்பது ஆபத்து. டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் நோயாளிகளிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், சி.ஓ.பி.டி. உறுதியானவர்களில் அளவிட்ட ஆக்சிஜன் இறப்பை 78 சதவீதம் குறைத்தது. பி.எச். 7.35-க்குக் கீழே இருந்ததால் முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் கருவி. இரண்டு இரவுகளில் தேவை தீர்ந்தது. சால்பியூட்டமால், இப்ராட்ரோபியம் நெபுலைசர். பிரெட்னிசோலோன் தினம் 40 மி.கி., ஐந்து நாட்கள் மட்டும். அமாக்சிசிலின்–கிளாவுலனேட்.

மூன்றாம் நாள் காலை வெள்ளணு 19,400. டியூட்டி டாக்டர் பதறிவிட்டார். "சார், கவுன்ட் ஏறுது. ஆன்டிபயாடிக்கை மாத்திடலாமா?" என்று கேட்டார். இன்னும் பெரிய மருந்தின் பெயரைக் கேஸ் ஷீட்டில் எழுதியும் வைத்திருந்தார். அவர் மேல் தப்பில்லை, அந்த வயதில் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

ஆனால் நோயாளி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். மூச்சு 20-க்கு இறங்கியிருந்தது. சி.ஆர்.பி. 74-லிருந்து 31. கோப்பையில் பச்சை மங்கி மஞ்சளாகியிருந்தது. ரத்தப் பூச்சில் இளசுகள் குறைந்து முதிர்ந்தவையே மிகுதி. ஏறிய கவுன்ட் பிரெட்னிசோலோனின் வேலை.

எந்த நேரத்திலும் ரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் நியூட்ரோஃபில்களில் கிட்டத்தட்டப் பாதி ஓட்டத்தில் இருப்பதில்லை. குழாய்ச் சுவரை ஒட்டி, குறிப்பாக நுரையீரல் நுண்குழாய்களில், ஒதுங்கி நிற்கும். ஊசியால் எடுக்கும் ரத்தத்தில் அவை எண்ணிக்கைக்கு வராது. ஸ்டீராய்டு அந்த ஒட்டுதலைத் தளர்த்தி அவற்றை ஓட்டத்தில் இறக்கிவிடுகிறது. மஜ்ஜையிலிருந்தும் கூடுதலாக வெளியே விடுகிறது. அணுக்களின் ஆயுளையும் நீட்டுகிறது. ஆகவே எண்ணிக்கை ஏறியது, தொற்று ஏறவில்லை. அதே மருந்தைத் தொடர்ந்தோம். ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார்.

இந்த மூன்றாம் நாள் சம்பவத்தை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மகள் வட்டம் போட்ட எண்ணும், டியூட்டி டாக்டரைப் பதறவைத்த எண்ணும் சொல்வது ஒன்றே ஒன்றைத்தான்: இத்தனை அணுக்கள் இப்போது சாலையில் இருக்கின்றன. எங்கே போகின்றன, நேராகப் போகின்றனவா, போய்ச் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதை அந்த எண் சொல்லாது.

வெள்ளணு எப்படி வழி கண்டுபிடிக்கிறது

1882-ல் இத்தாலியின் மெசினாவில் உயிரியலாளர் இலியா மெச்னிகாஃப் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தால் நகரும் அணுக்கள் முள்ளைச் சுற்றிக் குழுமியிருந்தன. யாரும் கூப்பிடாமல் அவை எப்படி வந்தன என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது. 1908-ல் பால் ஏர்லிக்கோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கூப்பிடத்தான் செய்கிறார்கள் என்று இப்போது தெரியும். கிருமி விழுந்த இடத்தில் மூச்சுக்குழாயின் உள்படலமும் பெருவிழுங்கி அணுக்களும் இன்டர்லூகின்-8 என்ற பொருளைச் சுரக்கின்றன. லியூக்கோட்ரையீன் பி4 என்பது இன்னொரு அழைப்பு. கிருமியின் உடலிலிருந்து கசியும் ஃபார்மில் பெப்டைடுகளும் அழைப்புத்தான். நம் மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்குகிறது. அவை அழைப்பின் மணம் எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பக்கம் நகரும். அணுவின் முன்விளிம்பில் பி.ஐ.3 கைனேஸ் என்ற நொதி வேலை செய்ய, அங்கே ஒரு பாதம் நீள்கிறது. பின்பக்கம் சுருங்கி உடலை இழுத்துக்கொள்கிறது. முன்னே எது, பின்னே எது என்று அணு தெளிவாக முடிவு செய்தால்தான் பாதை நேராக இருக்கும்.

நுரையீரலில் கூடுதலாக ஒரு சிக்கல். மற்ற உறுப்புகளில் நியூட்ரோஃபில் சிறு சிரைகளின் சுவரில் உருண்டு, ஒட்டி, பின் நுழையும். காற்றுப்பைகளைச் சுற்றி அது நுண்குழாயிலிருந்தே வெளியேறுகிறது. அந்தக் குழாய்கள் பலவற்றின் அகலம் 5 மைக்ரான் அளவுதான். அணு அதைவிடப் பெரிது. நெளிந்து நசுங்கித்தான் உள்ளே போக வேண்டும். சிகரெட் புகை அணுவை விறைக்க வைப்பதால் அது அங்கேயே சிக்கித் தேங்குகிறது. மெக்னீ குழுவினர் 1989-ல் புகைப்பவர்களின் நுரையீரலில் இந்தத் தேக்கத்தைக் காட்டினார்கள்.

அடுத்த விஷயம்தான் நான் மகளிடம் சொல்லாமல் விட்டது. பர்மிங்ஹாமில் சேப்பி குழுவினர் சி.ஓ.பி.டி. நோயாளிகளின் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்களை எடுத்து, ஒரு பக்கம் அழைப்புப் பொருளை வைத்து, அவை நகர்வதைப் படம் பிடித்தார்கள். 2011-ல் வெளியான அந்த ஆய்வில், நோயாளிகளின் அணுக்கள் ஆரோக்கியமானவர்களின் அணுக்களைவிட வேகமாக ஓடின. ஆனால் குறி தவறின. நேராகப் போக வேண்டியவை அங்கும் இங்கும் திரிந்தன, முன்பாதம் நீளுவதும் குறைந்திருந்தது. பி.ஐ.3 கைனேஸைத் தடுக்கும் பொருளைச் சேர்த்ததும் பாதை நேரானது. சோம்பிப் போன அணுக்கள் இல்லை இவை; அளவுக்கு மேல் கிளர்ந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஓடுபவை.

ஏன் இது பெரிய விஷயம் என்றால், நியூட்ரோஃபில் வெறும் கையோடு நடப்பதில்லை. திசுவுக்குள் நகரும்போது அதன் துகள்களிலிருந்து எலாஸ்டேஸ் என்ற நொதி கசிகிறது. நுரையீரலை விரிந்து சுருங்க வைக்கும் எலாஸ்டின் நார்களை அது அறுக்கும். அதைக் கட்டுப்படுத்த ரத்தத்தில் ஆல்பா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம் இருக்கிறது. ஆனால் ஒரு துகளுக்குள் எலாஸ்டேஸின் செறிவு, ரத்தத்தில் அந்தப் புரதத்தின் செறிவைப் போல நூறு மடங்குக்கும் மேல். ஆகவே துகள் திறந்த கணத்தில், அணுவைச் சுற்றி ஒரு சிறு வட்டத்துக்குள் எந்தத் தடுப்பும் எடுபடாது. அந்தப் புரதமே குறைந்தவர்களுக்கு வட்டம் பெரிதாகிறது. 1963-ல் ஸ்வீடனின் மால்மோவில் லாரெல்லும் எரிக்சனும் ரத்தப் புரதப் பட்டைகளைப் பார்க்கையில் ஐந்து பேரிடம் அந்தப் பட்டை காணாமல் போயிருப்பதைக் கவனித்தார்கள். அவர்களில் மூவருக்கு, காற்றுப்பைகள் சிதையும் எம்ஃபிசீமா நோய் இருந்தது.

இனி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நேராகப் போனால் சிறு தூரம், சிறு சேதம். சுற்றிச் சுற்றிப் போனால் போகிற வழியெல்லாம் அரிப்பு. நம் நோயாளிக்கு ஆல்பா-1 ஆன்டிடிரிப்சின் அளவு இயல்பாகவே இருந்தது, பரிசோதித்தோம். ஆனாலும் அவர் நுரையீரல் 42 சதவீதத்துக்கு வந்து நிற்கிறது. முப்பத்தைந்து ஆண்டுப் புகையே முதல் காரணம். அந்தப் புகை வழிதப்ப வைத்த அணுக்களுக்கும் அதில் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

போய்ச் சேர்ந்த பிறகு நடப்பது

சரி, வழி தவறினாலும் கடைசியில் கோடிக்கணக்கில் மூச்சுக்குழாய்க்கு வந்துவிடுகின்றனவே, அங்கே ஏன் ஜெயிப்பதில்லை?

எலாஸ்டேஸ் வெட்டுவது நார்களை மட்டும் இல்லை. இன்டர்லூகின்-8-ஐ உணர வெள்ளணு தன் மேல் வைத்திருக்கும் சி.எக்ஸ்.சி.ஆர்.1 என்ற வாங்கியையும் அது வெட்டிவிடுகிறது. 2007-ல் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற, சளி கெட்டியாகும் பரம்பரை நோய் உள்ளவர்களிடம் இதைக் காட்டினார்கள். வாங்கியை இழந்த அணுக்கள் கிருமியைக் கொல்வதில் பின்தங்கின. கிருமியை விழுங்க ஏதுவாக அதன் மேல் ஒட்டும் எதிர்ப்பொருள்களும் வெட்டுப்படுகின்றன. எலாஸ்டேஸ் சளியைப் பெருக்குகிறது. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களின் அசைவைக் குறைக்கிறது. உடைந்த அணுக்களின் டி.என்.ஏ. சளியைப் பசையாக்குகிறது. கோப்பையின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது அதுதான். கிருமிக்கு இதைவிடத் தோதான இடம் வேறு இல்லை. கிருமி தங்கினால் மேலும் அழைப்பு, மேலும் வெள்ளணு, மேலும் எலாஸ்டேஸ். மூச்சுக்குழாய் விரிந்துபோகும் பிராங்கியெக்டசிஸ் நோயை வைத்து லண்டனில் பீட்டர் கோல் 1986-ல் விளக்கிய விஷச் சுழல் இதுவே.

சிதைந்த கொலாஜனிலிருந்து வரும் சின்னஞ்சிறு துண்டு ஒன்றும் வெள்ளணுவைக் கூப்பிடுகிறது. இடிபாடே அழைப்பு மணி அடித்தால், கிருமி இல்லாத நாளிலும் அணுக்கள் வந்துகொண்டுதான் இருக்கும். புகையை நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆன பிறகும் காலையில் அவருக்குச் சளி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். "விட்டுட்டேனே சார், இன்னும் ஏன்?" என்று அவர் கேட்டபோது, நிறுத்தியது வீண் இல்லை என்பதை அழுத்திச் சொன்னேன். நுரையீரல் சரியும் வேகம் குறைவது உண்மை. உள்ளே மூண்ட அழற்சி மட்டும் சிகரெட்டோடு அணைவதில்லை.

வேலை முடிந்து செத்துப்போகும் நியூட்ரோஃபில்களைப் பெருவிழுங்கிகள் விழுங்கி அப்புறப்படுத்த வேண்டும். சி.ஓ.பி.டி.யில் அந்தத் துப்புரவும் மந்தம். பெருவிழுங்கிகள் ஹீமோஃபிலஸைப் பிடித்து உண்பதும் மந்தம். அந்தக் கிருமி வேறு அடிக்கடி வேஷம் மாற்றும். சேத்தி குழுவினர் 2002-ல் வெளியிட்ட நீண்டகால ஆய்வில், சளியில் புதிய கிருமி ரகம் தென்பட்ட வருகைகளில் 33 சதவீதத்தில் நோய் முற்றியிருந்தது. புது ரகம் இல்லாத வருகைகளில் 15.4 சதவீதத்தில். பழைய ரகத்தோடு உடம்பு ஓரளவு பழகிவிடுகிறது, புதியது வந்தால் மறுபடி முதலிலிருந்து.

வீட்டுக்குப் போன பின் எடுத்த முடிவுகள்

சி.டி. எடுத்ததில் வலது கீழ்ப்பகுதியில் மூச்சுக்குழாய்கள் லேசாக விரிந்திருந்தன. கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களின் அளவு இயல்பு.

முதலில் இன்ஹேலரிலிருந்து ஸ்டீராய்டை எடுத்தோம். இயோசினோஃபில் 100-க்குக் கீழே இருப்பவருக்கு அதனால் கிடைக்கும் பலன் சொற்பம். 300-க்கு மேல் இருப்பவர்களுக்குத்தான் நன்றாக வேலை செய்கிறது. நிமோனியா ஆபத்தோ நிஜம். 2007-ல் வெளியான டார்ச் ஆய்வில், மூன்று ஆண்டுகளில் ஃப்ளூடிகசோனும் சால்மீட்டராலும் சேர்த்து எடுத்தவர்களில் 19.6 சதவீதம் பேருக்கும், போலி மருந்து எடுத்தவர்களில் 12.3 சதவீதம் பேருக்கும் நிமோனியா வந்தது. இவருக்கு ஏற்கெனவே ஒருமுறை வந்துவிட்டது. மூச்சுக்குழாயை விரிக்கும் இரண்டு மருந்துகளை மட்டும் வைத்துக்கொண்டோம்.

அடுத்து அசித்ரோமைசின். அமெரிக்காவில் 1,142 பேரிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், தினம் 250 மி.கி. வீதம் ஓராண்டு எடுத்தவர்களுக்கு நோய் முற்றுவது ஆண்டுக்கு 1.83-லிருந்து 1.48 ஆகக் குறைந்தது. இது ஆன்டிபயாடிக் என்றாலும், கிருமியைக் கொல்வது மட்டும் இதன் வேலை இல்லை. இன்டர்லூகின்-8 அழைப்பைத் தணிக்கிறது; செத்த அணுக்களைப் பெருவிழுங்கிகள் அள்ளும் திறனைத் தூண்டுகிறது. புகைப்பதைத் தொடர்பவர்களிடம் பலன் தெரியவில்லை, இவரோ நிறுத்தியவர். அதற்கு ஒரு விலையும் உண்டு. மருந்து எடுத்தவர்களில் 25 சதவீதம் பேருக்குக் கேட்கும் திறன் குறைந்தது, போலி மருந்துக் குழுவில் 20 சதவீதம். புதிதாகக் குடியேறும் கிருமிகளில் மருந்துக்கு அசையாதவையும் கூடின.

உடனே தொடங்கவில்லை. சளியில் காசநோய்க் கிருமியும் அதன் உறவுக் கிருமிகளும் இல்லை என்று உறுதியாக வேண்டும். அவை இருக்கும்போது அசித்ரோமைசினைத் தனியாகக் கொடுத்தால் அவற்றை மருந்துக்குப் பழக்கிவிடுவோம். அந்தக் கல்ச்சருக்கு வாரக்கணக்கில் ஆகும், காத்திருந்தோம். ஈ.சி.ஜி.யும் காது பரிசோதனையும் இயல்பாக இருந்த பிறகே, இரண்டு மாதம் கழித்துத் தொடங்கினோம். அழற்சியைத் தணிக்கும் ரோஃப்ளூமிலாஸ்ட் மாத்திரையையும் யோசித்தோம். அது எடையைக் குறைக்கும். ஐம்பது கிலோ மனிதருக்கு மனம் வரவில்லை.

சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சி காலையும் மாலையும், நடைப் பயிற்சி, ஃப்ளூவுக்கும் நிமோகாக்கஸுக்கும் தடுப்பூசி. கேட்க எளிதாக இருக்கும் இவற்றுக்கு நான் மாத்திரைகளுக்குக் கொடுக்கும் அதே இடத்தைக் கொடுக்கிறேன். வெள்ளணுவின் நடையை நம்மால் திருத்த முடியவில்லை, அது மாட்டிக்கொள்ளும் பசையையாவது வெளியே எடுக்கலாம்.

வெள்ளணுவையே நிறுத்திவிடலாமே?

இந்தக் கேள்வியை மருத்துவ மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சேதம் செய்வது வெள்ளணு என்றால் வர விடாமல் தடுத்தால் போதாதா?

முயன்று பார்த்தார்கள். லியூக்கோட்ரையீன் பி4 அழைப்பை அடைக்கும் பி.ஐ.ஐ.எல். 284 என்ற மருந்தைச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளிடம் சோதித்தபோது, மருந்து எடுத்த பெரியவர்களுக்கு நுரையீரல் பாதிப்புகள் கூடியதால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. சி.ஓ.பி.டி.யில் இன்டர்லூகின்-8-இன் இன்னொரு வாங்கியான சி.எக்ஸ்.சி.ஆர்.2-ஐ அடைக்கும் மருந்துகள் சோதனைக்கு வந்தன. அவற்றில் ஒன்று ரத்தத்தில் நியூட்ரோஃபில்களை அபாயமான அளவுக்குக் குறைத்தது. எதுவும் சிகிச்சையாகவில்லை. குழம்பி ஓடினாலும் அந்த அணுக்கள் கிருமியைக் கொஞ்சமாவது பிடித்து வைத்திருக்கின்றன என்று இதிலிருந்து தெரிகிறது.

நடையைத் திருத்தும் முயற்சியும் இதுவரை கைகூடவில்லை. ஆய்வகத்தில் பி.ஐ.3 கைனேஸைத் தடுத்தபோது அழகாக நேரான பாதை, ஆனால் அதே நொதியைத் தடுக்கும் நெமிராலிசிப்பை உறிஞ்சும் மருந்தாகக் கொடுத்தபோது அது நோயாளிகளின் மூச்சுத்திறனைக் கூட்டவில்லை. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மருந்து மீதும் நம்பிக்கை இருந்தது; 885 பேரிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில் அது சி.ஓ.பி.டி. முற்றுவதைக் குறைக்கவில்லை.

மூன்றாவது வழி ஒன்று பலித்திருக்கிறது. வெள்ளணு வரட்டும், ஆனால் கையில் கத்தியில்லாமல் வரட்டும் என்ற வழி. எலாஸ்டேஸ் மஜ்ஜையில் அணு வளரும்போதே கூர்தீட்டப்படுகிறது. அதைத் தீட்டும் டி.பி.பி.1 நொதியைத் தடுப்பது பிரென்சோகாட்டிப் என்ற மாத்திரை. பிராங்கியெக்டசிஸ் நோயாளிகள் 1,721 பேரிடம் நடந்து 2025-ல் வெளியான ஆய்வில், நோய் முற்றுவது ஆண்டுக்கு 1.29-லிருந்து 10 மி.கி. அளவில் 1.02 ஆகக் குறைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா அந்த நோய்க்கு அனுமதி கொடுத்தது. சி.ஓ.பி.டி.க்கு இந்த அனுமதி இல்லை. இவருடைய சி.டி.யில் லேசான விரிவைப் பார்த்ததுமே மகள் அந்த மருந்தைப் பற்றிப் படித்துவிட்டு வந்து கேட்டார். இவருக்கு இருக்கும் முதன்மை நோய் சி.ஓ.பி.டி., அதை வைத்து இந்த மாத்திரையை இப்போது எழுத மாட்டேன் என்று சொன்னேன்.

பதினோரு மாதம் கழித்து

அன்று வார்டில் விட்ட பதிலை மகளிடம் முழுதாகச் சொன்னது இந்தச் சந்திப்பில்தான். "அப்பாவோட வெள்ளணு நிறைய இருக்கும்மா, வேகமாவும் ஓடுது. ஆனா கிருமி இருக்கிற இடத்துக்கு நேரா போக மாட்டேங்குது. போற வழியில நுரையீரலையும் அரிச்சுக்கிட்டுப் போகுது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ இந்தக் கவுன்ட் ஏறினா சந்தோஷப்படவும் கூடாது, பயப்படவும் கூடாதா?" என்று கேட்டார். சளியின் நிறத்தையும் மூச்சையும் பாருங்கள் என்றேன்.

அப்பா அதை வார்டிலிருந்து வீட்டுக்குப் போனதுமே செய்யத் தொடங்கியிருந்தார். சின்ன நோட்டு ஒன்றில் தினமும் காலையில் மூன்றே சொற்களில் ஒன்று: வெள்ளை, மஞ்சள், பச்சை. பக்கத்தில் எத்தனை படி ஏறியதும் மூச்சு வாங்கியது என்று ஓர் எண். பதினோரு மாதங்களில் பெரும்பாலும் வெள்ளை, அவ்வப்போது மஞ்சள். ஏழாம் மாதத்தில் தொடர்ந்து நான்கு நாள் பச்சை, படி எண்ணும் பன்னிரண்டிலிருந்து ஐந்தாகிவிட்டது. இரண்டாம் நாளே கல்ச்சருக்குச் சளி கொடுத்துவிட்டு, கைவசம் வைத்திருந்த ஆன்டிபயாடிக்கை எங்களிடம் போனில் கேட்டுவிட்டுத் தொடங்கியிருக்கிறார். வார்டில் சேர வேண்டியிருக்கவில்லை. வளர்ந்தது மறுபடியும் ஹீமோஃபிலஸ்.

எடை 52 கிலோ. காது பரிசோதனையில் மாற்றமில்லை. பன்னிரண்டாம் மாதம் மறுபடி எடுத்துப் பார்த்து அசித்ரோமைசினைத் தொடர்வதா என்று முடிவு செய்வோம். அன்றைய வெள்ளணு எண்ணிக்கை 8,200. மகள் இந்த முறை அதற்கு வட்டம் போடவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அன்று காலை தேதிக்கு எதிரே வெள்ளை என்றும் பதினான்கு என்றும் எழுதியிருந்தது.